இல்லாத காலில் உண்மையான வலி

கால் போன பிறகும் அந்தக் காலின் பெருவிரல் நோகுமா? துண்டிக்கப்பட்ட கையின் உள்ளங்கை எரியுமா? எமது மாதர் குழுக் கூட்டங்களில் இந்தக் கேள்வி சபையில் எழுவதில்லை. கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டும் நேரத்தில், அல்லது பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, யாராவது ஒருவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார். "பிள்ளை, நான் ஒண்டு சொன்னா விசரெண்டு நினைக்க மாட்டியளே?" என்றுதான் அந்தப் பேச்சுத் தொடங்கும்.

மிதிவெடியில் ஒரு காலை இழந்த தாய் ஒருவர், இரவு படுத்த பிறகு தன் இல்லாத பாதத்தை யாரோ முறுக்குவது போல இருக்கிறது என்றார். ஷெல் வீச்சில் கையை இழந்த இன்னொருவர், தன் பிள்ளையை இறுகப் பிடித்திருந்த அதே நிலையில் அந்தக் கை இன்னமும் இருக்கிறது, விரல்களை விரிக்க முடியவில்லை என்றார். ஒருவர் இதனைப் பல வருடங்களாக வீட்டில்கூடச் சொன்னதில்லை. சொன்ன மற்றவருக்கு, அது மனப்பிரமை என்று ஒரு வைத்தியசாலையில் பதில் கிடைத்தது. வீட்டார் பார்வை பார்த்து நூல் கட்டுவித்தார்கள். வலி மட்டும் போகவில்லை.

நான் வைத்தியர் அல்ல. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, சமூக சேவையில் ஈடுபட்டிருப்பவள். இந்தச் சகோதரிகளுக்குச் சரியான விளக்கம் கொடுக்க வேண்டுமென்ற தேவையால் நரம்பியல் மருத்துவத்தின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். அப்போது இரண்டு விடயங்கள் தெரிய வந்தன. முதலாவது, நரம்புகளைப் பற்றி வைத்திய உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி யுத்தத்தில் காயப்பட்டவர்களிடமிருந்து கற்றது. இரண்டாவது, யாருடைய வலி நம்பப்பட்டது, யாருடைய வலி நம்பப்படவில்லை என்பதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதியாக இருக்கிறது. அதனையே இங்கு உங்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

கொதி எண்ணெயும் ஒரு சிறுமியின் விரல்களும்

பிரான்ஸ் நாட்டில் 1500களில் வாழ்ந்த அம்புருவாஸ் பாரே ஒரு படைப்பிரிவுச் சத்திர சிகிச்சையாளர். அக்காலத்தில் துப்பாக்கிக் காயத்தில் நஞ்சு இருப்பதாக நம்பி, அதனுள் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவார்கள். 1537ஆம் ஆண்டு ஒரு போரின்போது பாரேயிடம் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி முட்டை மஞ்சட்கரு, ரோசா எண்ணெய், ஒரு வகை மரப்பிசினின் தைலம் ஆகியவற்றைக் கலந்து பூசினார். அவர்கள் இறந்துவிடுவார்களோ என்ற பயத்தில் அன்றிரவு அவருக்கு நித்திரை வரவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தபோது, களிம்பு பூசப்பட்டவர்கள் ஓரளவு சுகமாகத் தூங்கியிருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வீக்கத்திலும் துடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று முதல் அந்தக் கொடுமையை அவர் கைவிட்டார்.

உறுப்பு துண்டிக்கப்பட்டு நெடுநாட்களுக்குப் பிறகும் அந்த உறுப்பு நோவதாக நோயாளிகள் சொல்வதை எழுத்தில் பதிந்த முதல் வைத்தியர்களில் ஒருவரும் இவரே. பாரே இலத்தீன் படித்த பண்டிதர் அல்ல. நாவிதத் தொழிலோடு சேர்ந்த சத்திர வைத்தியமே அவர் பயின்றது. தன் நூல்களை மக்கள் பேசிய பிரெஞ்சு மொழியிலேயே எழுதினார். படித்த வைத்தியர்கள் அதற்காக அவரை இகழ்ந்ததும் உண்டு.

அதற்கு அடுத்த நூற்றாண்டில் டேக்கார்ட் என்ற தத்துவஞானி ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். கையில் அழுகல் பரவியதால் அவளுடைய கையை முழங்கை வரை வெட்ட நேர்ந்தது. சிகிச்சையின்போது அவளுடைய கண்களைக் கட்டிவிடுவது வழக்கம். கை போனதை அவள் அறியாதபடி, அந்த இடத்தில் துணிச் சுற்றுகளை வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்தப் பிள்ளையோ ஒரு விரல் நோகிறது, பிறகு மற்ற விரல் நோகிறது என்று முறையிட்டுக்கொண்டே இருந்தாள். வலியை நாம் உணர்வது கையில் அல்ல, மூளையில்தான் என்ற முடிவுக்கு டேக்கார்ட் வருவதற்கு அவளுடைய முறைப்பாடு சான்றாக அமைந்தது. அந்தச் சிறுமியின் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை.

'நியூரோலொஜி' என்ற சொல்லையே உருவாக்கியவர் தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர். மூளையின் அமைப்பைப் பற்றிய அவரது நூல் 1664ஆம் ஆண்டு வெளிவந்தது. பெண்களுக்கு வரும் 'ஹிஸ்டீரியா' கர்ப்பப்பையிலிருந்து வருகிறது என்று கிரேக்கர் காலம் தொட்டு நம்பப்பட்டு வந்தது. கர்ப்பப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அந்த நோயின் பெயரும் பிறந்தது. அது மூளையோடும் நரம்போடும் தொடர்புடைய நோய் என்று வாதிட்டவர் வில்லிஸ். ஆனாலும் பழைய நம்பிக்கை இலேசில் போகவில்லை.

நானூறு கட்டில்கள்

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தது. பிலடெல்பியா நகரில் நரம்புக் காயம் அடைந்த போர்வீரர்களுக்கென்றே 400 கட்டில்கள் கொண்ட ஒரு வைத்தியசாலை அமைக்கப்பட்டது. அங்கே சைலஸ் வெயர் மிட்செல் என்ற வைத்தியரும் அவருடைய இரு சகாக்களும் வேலை செய்தார்கள்.

அங்கு வந்த வீரர்களில் சிலருக்குக் காயம் ஆறிவிட்டது. ஆனால் கையோ காலோ நெருப்புப் பட்டாற்போல இடைவிடாமல் எரிந்தது. ஈரத்துணியைச் சுற்றி, கையில் தண்ணீர்ப் போத்தலோடு திரிந்தார்கள். சிலர் சப்பாத்துக்குள்ளும் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். பக்கத்தில் யாராவது பத்திரிகைத் தாளைப் புரட்டும் சரசரப்பும், தரையில் நடக்கும் அதிர்வும்கூட அவர்களுக்குத் தாங்க முடியவில்லை. மிட்செல் இதற்கு, எரியும் வலி என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து 'கோசால்ஜியா' என்று பெயர் கொடுத்தார்.

சிலர் போர்முனைக்குத் திரும்பாமல் இருப்பதற்காக நடிக்கிறார்களா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பும் இந்த வைத்தியர்களுக்கு இருந்தது. அதைப் பற்றியே 1864இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவ்வளவு சந்தேகக் கண்ணோடு பார்த்த பின்னரும், இந்த எரிவு மெய்யானது என்றே முடிவு செய்தார்கள். அதே ஆண்டில் துப்பாக்கிக் காயங்களால் நரம்புகளுக்கு ஏற்படும் பாதிப்புகளைப் பற்றி அவர்கள் வெளியிட்ட நூல் நரம்பியலின் அடிப்படை நூல்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

உறுப்பை இழந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே இழந்த உறுப்பை உணர்கிறார்கள் என்பதையும் மிட்செல் கண்டறிந்தார். 1871இல் அதற்கு 'மாய அவயவம்' என்ற பொருள்பட ஒரு பெயர் இட்டார். இன்று வரை அப்பெயரே வழங்குகிறது. ஆகவே சகோதரிகளே, இல்லாத கால் நோவது உங்களில் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விந்தை அல்ல. அதற்கு வைத்திய நூல்களில் 150 வருடங்களுக்கு மேலாகப் பெயர் உண்டு.

அதே வைத்தியர், வேறு நோயாளிகள்

யுத்தம் முடிந்தது. மிட்செலிடம் இப்போது வசதியான வீட்டுப் பெண்கள் வந்தார்கள். களைப்பு, தூக்கமின்மை, அழுகை, உடம்பு வலி ஆகியவை அவர்களுடைய முறைப்பாடுகள். அவர்களுக்காக அவர் 'ஓய்வுச் சிகிச்சை' என்ற முறையை ஏற்படுத்தி, 1877இல் அதைப் பற்றி நூல் எழுதினார். ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை கட்டிலிலேயே கிடக்க வேண்டும். குடும்பத்தாரைப் பார்க்கக் கூடாது. வாசிக்கவோ எழுதவோ தைக்கவோ கூடாது. பாலும் கொழுப்பு உணவும் ஊட்டப்படும். ஆண்களுக்கோ வேறு மருந்து இருந்தது. மேற்குப் பிரதேசங்களுக்குப் போய்க் குதிரை ஏறி, திறந்த வெளியில் உழைத்துத் தேறி வருமாறு அவர்களுக்குச் சொன்னார்.

சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற எழுத்தாளர் பிள்ளை பெற்ற பின் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகி 1887இல் மிட்செலிடம் சென்றார். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, வீட்டு வாழ்க்கையிலேயே மூழ்கியிருக்குமாறும் இனிமேல் பேனாவையே தொடக் கூடாதென்றும் கட்டளை கிடைத்தது. மூன்று மாதம் அதன்படி நடந்து, தன் புத்தி பேதலிக்கும் எல்லை வரை போனதாகப் பின்னர் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டளையை மீறி மறுபடி வேலை செய்யத் தொடங்கிய பிறகே அவர் தேறினார். 1892இல் அந்த அனுபவத்தை ஒரு சிறுகதையாக்கி அந்த வைத்தியருக்கும் அனுப்பி வைத்தார்.

மிட்செல் கெட்ட மனிதர் என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. போர்வீரனின் கட்டிலருகே உட்கார்ந்து, அவன் வலியை அவன் வாயாலேயே கேட்டு எழுதிய அதே மனிதர், ஒரு பெண் தனக்கு எது நல்லது என்று சொன்னபோது அதைக் கேட்கவில்லை. சமூகம் பெண்ணைப் பார்க்கும் பார்வை வைத்தியரின் அறைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பாரிஸ் நகரத்து வெடிமருந்துச் சாலை

பாரிஸில் சல்பெட்ரியேர் என்ற பெரிய வைத்தியசாலை இருக்கிறது. ஆதியில் அது வெடிமருந்து செய்யும் சாலையாக இருந்தது. 1656ஆம் ஆண்டில் ஏழைப் பெண்களை அடைத்து வைக்கும் விடுதியாக மாற்றப்பட்டது. ஆதரவற்ற முதியவர்கள், புத்தி சுவாதீனமற்றவர்கள், வலிப்பு நோயாளர், கைவிடப்பட்ட பெண்கள் எல்லோரும் அங்கே கிடந்தார்கள். 1862இல் ஜோன் மார்ட்டின் ஷார்கோ அங்கு பொறுப்பேற்றார். ஆயிரக்கணக்கான அந்தப் பெண்களை வருடக் கணக்காகக் கவனித்து, இறந்த பின் அவர்களுடைய மூளையையும் முள்ளந்தண்டு நரம்பையும் ஆராய்ந்து, எந்தப் பாதிப்பு எந்த நோயைத் தருகிறது என்று ஒழுங்குபடுத்தினார். பார்க்கின்சன் நோய்க்கு அப்பெயரைப் பரப்பியவர் அவரே. 1882இல் நரம்பு நோய்களுக்கென்று ஒரு பேராசிரியர் பதவியே அவருக்காக உருவாக்கப்பட்டது.

ஹிஸ்டீரியா ஒரு பாசாங்கு அல்ல, உண்மையான நோய் என்று ஷார்கோ உறுதியாகச் சொன்னார். இது பெரிய காரியம். ஆனால் அந்தப் பெண்களை விரிவுரை மண்டபத்தில் சபையோர் முன் நிறுத்தி, மனோவசியம் செய்து, வலிப்பை வரவழைத்துக் காட்டினார்கள். புகைப்படம் எடுத்து நூலாக வெளியிட்டார்கள். அப்படி அதிகம் படம் எடுக்கப்பட்டவர்களில் அகஸ்டின் என்ற சிறுமியும் ஒருத்தி. 1875இல், 14 வயதில் அவள் அனுமதிக்கப்பட்டாள். அதற்கு முன்னர் அவள் தங்கியிருந்த வீட்டின் எசமானால் பாலியல் வன்முறைக்கு உள்ளானவள். வலிப்பின்போது அவள் புலம்பியவை எல்லாம் குறிப்பேட்டில் எழுதப்பட்டன. ஆனால் அதில் அவள் திரும்பத் திரும்பச் சொன்ன கொடுமைதான் நோயின் வேர் என்று எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1880இல் ஆண் உடை அணிந்து அங்கிருந்து தப்பிச் சென்றாள்.

நரம்பில் காயம் எதுவும் தெரியாமலே கைகால் இயங்காமற் போவது, வலிப்புப் போல விழுவது, பேச்சு நின்றுவிடுவது ஆகியவற்றை இன்றைய வைத்தியம் நரம்புத் தொகுதியின் செயற்பாட்டில் ஏற்படும் கோளாறு என்று கூறுகிறது. இது மெய்யான நோய். சிகிச்சையும் உண்டு. கிராமத்தில் இதைப் பேய் என்றும் நடிப்பு என்றும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டுமே தவறு.

ஆண்களுக்கும் வந்தது

முதலாம் உலகப் போரில் பதுங்கு குழிகளில் கிடந்த ஆண் வீரர்களுக்கு நடுக்கமும் ஊமைத்தனமும் நினைவிழப்பும் வந்தன. 1915இல் சார்ல்ஸ் மயர்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் இதனை 'ஷெல் அதிர்ச்சி' என்ற பெயரில் வைத்திய சஞ்சிகையில் எழுதினார். பெண்களுக்கே உரியது என்று சொல்லப்பட்டு வந்த அறிகுறிகள் திடகாத்திரமான ஆண்களிடம் காணப்பட்டபோது, வைத்திய உலகம் மறுபடி சிந்திக்க வேண்டி வந்தது. இருந்தும் அந்தப் போரில் பின்வாங்கி ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படைகளில் சுடப்பட்டவர்களுள் இத்தகைய நோயாளிகளும் இருந்தார்கள். அவ்வாறு தண்டிக்கப்பட்ட 306 பேருக்கு 2006ஆம் ஆண்டிலேயே மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களுடைய குடும்பங்கள் 90 வருடங்கள் அந்த அவமானத்தைச் சுமந்தன.

ஒரு மூதாட்டியின் சொற்கள்

இந்த வரலாற்றில் என் மனதை மிகவும் தொட்ட பகுதிக்கு இப்போது வருகிறேன். 1950களில் அமெரிக்காவில் ரொனால்ட் மெல்சாக் என்ற இளம் உளவியலாளர், நீரிழிவால் கால்களை இழந்த ஒரு வயோதிப மாதைச் சந்தித்தார். இல்லாத கால்களில் வரும் வலியை அந்த அம்மையார் பல விதமான சொற்களால் விபரித்தார். எரிவு வேறு, குத்து வேறு, நெரிப்பு வேறு என்று பிரித்துச் சொன்னார். மெல்சாக் அச்சொற்களை எழுதத் தொடங்கினார். பிறகு மற்ற நோயாளிகளின் சொற்களையும் சேர்த்தார். பல வருட உழைப்பின் பின் 1975இல், 20 பிரிவுகளில் 78 சொற்கள் கொண்ட வலி வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். இது உலகெங்கும் பயன்படுகிறது. ஒரு பெண்ணின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டதிலிருந்து தொடங்கிய விஞ்ஞானம் அது.

1965இல் மெல்சாக்கும் பட்ரிக் வால் என்ற ஆய்வாளரும் இன்னொரு விளக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். வலியின் செய்தி மூளைக்குப் போகும் வழியில், முள்ளந்தண்டு நரம்பில் ஒரு படலை போன்ற அமைப்பு இருக்கிறது. அந்தப் படலை சில வேளை திறக்கும், சில வேளை சாத்தும். காலில் அடிபட்டால் உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறோம். தேய்க்கும் உணர்வு படலையைக் கொஞ்சம் சாத்துவதால் வலி குறைகிறது. மூளையும் மேலிருந்து படலையை இயக்குகிறது. பயமும் கவலையும் தனிமையும் வலியைக் கூட்டுவதற்கு இதுவே காரணம். கவலை வலியைக் கூட்டுகிறது என்று சொல்வதற்கும், வலியே பொய் என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கண்ணாடியில் தெரியும் கால்

மூளையின் மேற்பரப்பில் எமது உடம்பு முழுவதற்கும் ஒரு வரைபடம் உண்டு. கனடாவின் வைல்டர் பென்பீல்ட் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் 1930களில் இதனை வரைந்து காட்டினார். கால் போனாலும் வரைபடத்தில் காலின் இடம் அழிவதில்லை. வெட்டப்பட்ட நரம்பின் நுனி முடிச்சுப் போலத் திரண்டு, அங்கிருந்தும் தவறான செய்திகள் போய்க்கொண்டிருக்கும். மூளை அவற்றைக் காலிலிருந்து வந்த செய்தியாகவே எடுத்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் கலிபோர்னியாவில் இதை ஆராய்ந்தார். கையை இழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத விரல்களைத் தொடுவதாக அவர் உணர்ந்தார். மூளையின் வரைபடத்தில் முகமும் கையும் அயல் அயலாக இருப்பதால், கையின் இடத்துக்குள் முகத்தின் செய்திகள் புகுந்துவிடுகின்றன என்று ராமச்சந்திரன் விளக்கினார். பின்னர் 1990களில் அவர் செய்த கருவி மிக எளியது. ஒரு பெட்டி, நடுவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. இருக்கும் கையைக் கண்ணாடியின் முன் வைத்து அசைக்கும்போது, இழந்த கை திரும்பி வந்து அசைவது போலக் கண்ணுக்குத் தெரிகிறது. இறுகிக் கிடந்த மாயக் கை விரிந்தது என்று சிலர் சொன்னார்கள்.

2007இல் அமெரிக்க இராணுவ வைத்தியசாலை ஒன்றில், காலை இழந்தவர்களிடம் இது பரீட்சிக்கப்பட்டது. தினமும் 15 நிமிடம் வீதம் நான்கு வாரங்கள் கண்ணாடிப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியைப் பார்த்த ஆறு பேரில் ஒருவருக்கு மட்டுமே குறைந்தது. மிகச் சிறிய ஆய்வுதான். பிந்திய ஆய்வுகளில் எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் கிடைக்கவில்லை. இருந்தும் செலவில்லாத முறை என்பதால் பல நாடுகளிலும் இதனைச் செய்விக்கிறார்கள்.

எமது மொழியும் எமது நிலமும்

மிட்செல் பிலடெல்பியாவில் போர்வீரர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், யாழ்ப்பாணம் மானிப்பாயில் இன்னொரு அமெரிக்க வைத்தியர் தமிழில் வைத்தியம் கற்பித்துக்கொண்டிருந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்தவர். மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிக்க வேண்டும் என்று எண்ணி, உடற்கூறு, பிரசவம், சத்திர சிகிச்சை பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். 'இரணவைத்தியம்' என்ற சத்திர சிகிச்சை நூல் 1860களில் வெளிவந்தது. காயத்தைப் பற்றியும் வலியைப் பற்றியும் எமது மொழியில் சொல்ல முடியாது என்று எவரும் கூற முடியாது.

செயற்கைக் காலின் வரலாற்றிலும் எமக்குப் பங்குண்டு. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் என்பு வைத்தியர் பி. கே. சேத்தியும், அதிகம் படிக்காத கைவினைஞர் ராம் சந்திர ஷர்மாவும் சேர்ந்து றப்பர்ப் பாதம் ஒன்றைச் செய்தார்கள். வெறுங்காலுடன் நடக்க, குந்தியிருக்க, வயலில் இறங்க ஏற்ற கால் அது. மேல்நாட்டுக் கால் சப்பாத்துப் போடுபவர்களுக்காகவே செய்யப்பட்டிருந்தது. 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கப்பட்டது. யுத்த காலத்திலும் 2009க்குப் பின்னரும் எமது பெண்கள் பலர் எழுந்து நடந்தது அவ்விதமான கால்களில்தான்.

நாம் செய்யக்கூடியவை

சகோதரிகளே, இந்த வரலாற்றிலிருந்து அன்றாட வாழ்வுக்கு உதவும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், வலியைப் பிரித்துச் சொல்லப் பழகுங்கள். கிளினிக்கில் எமக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. "நோகுது" என்று மட்டும் சொன்னால் பனடோல் கிடைக்கும். எரிவா, குத்தா, உளைவா, கடுப்பா, விறைப்பா, மின்சாரம் அடித்தாற்போலவா? மிச்சமுள்ள காலின் நுனியிலா, இல்லாத பாதத்திலா? இரவிலா, மழைக் குளிரிலா, பொய்க்கால் போட்டு நடந்த பிறகா? ஒரு கொப்பித் தாளில் ஒரு வாரம் எழுதி, அதனையே வைத்தியரிடம் கொடுங்கள். எழுத முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், தமிழ் தெரிந்த தாதியையோ உதவியாளரையோ கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

இரண்டாவது, நுனியில் வரும் வலிக்கும் மாய அவயவ வலிக்கும் சிகிச்சை வேறு. நுனியில் வலி என்றால் பொய்க்காலின் கிண்ணம் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். உள்ளே ஷெல் துண்டு இருக்கலாம். நரம்பு முடிச்சு இருக்கலாம். சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

மூன்றாவது, நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை அதிகம் உதவாது. மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் சில மருந்துகள் நரம்பு வலியையும் குறைப்பதால், வைத்தியர்கள் அவற்றைக் கொடுப்பதுண்டு. அந்த மருந்தைக் கண்டு, "என்னை விசர் எண்டு நினைச்சிட்டினம்" என்று கலங்கி எறிந்துவிடாதீர்கள். தானாகக் கூட்டவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. பிறருடைய மருந்தை வாங்கிப் போடவும் கூடாது.

நான்காவது, காயம் ஆறிய நுனியை மெதுவாகத் தடவிக் கொடுப்பதும், இளஞ்சூட்டுத் துணி வைப்பதும் பலருக்கு ஆறுதல் தரும். அந்த இடத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். ஆகவே முதலில் கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடிப் பயிற்சி ஒரு கால் அல்லது ஒரு கை மட்டும் இழந்தவர்களுக்கானது. போன காலைக் கண்ணாடியில் கண்டதும் சிலருக்கு அழுகை பொங்கி வரும். ஆகவே உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் கேட்டு, அவருடைய துணையோடு தொடங்குவதே நல்லது.

ஐந்தாவது, மிக முக்கியமானது. உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருப்பவர்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால் அதனை முன்கூட்டியே கட்டாயம் தெரிவியுங்கள். அந்த இயந்திரம் சக்தி வாய்ந்த காந்தம். உள்ளே இருக்கும் இரும்பை அசைத்துவிடக்கூடும். யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தாயோ தங்கையோ மருமகளோ இல்லாத கால் நோகிறது என்றால், சிரிக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். எப்படி நோகிறது என்று கேளுங்கள். வலியை ஆராயும் சர்வதேச சங்கம் 2020இல் வலிக்கான வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதனை மதிக்க வேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொண்டது. டேக்கார்ட் எழுதிய அந்தச் சிறுமிக்குப் பின் ஏறக்குறைய 380 வருடங்கள் கழித்துப் பெரிய நிபுணர்கள் கூடி எழுதிய இந்த விதியைக் கடைப்பிடிக்க எமக்குப் பட்டமும் தேவையில்லை, பணமும் தேவையில்லை. அடுத்த மாதர் குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை உரத்து வாசியுங்கள். இவ்வளவு காலமும் வெளியில் சொல்லாமல் இருந்த யாரோ ஒருவர் உங்கள் குழுவிலும் இருப்பார்.